மூன்று விரல் வெறுந்துணி

சாம்பல் நிறம் எது என்று யாராவது என்னைக் கேட்டால், முப்பத்தொரு வருடம் நான் போட்ட பேருந்து ஓட்டுநர் சீருடையைக் காட்டிவிட்டுப் போய்விடுவேன். என் மனைவி ஓக்பூனைக் கேட்டால் அன்றைய பொழுது போச்சு. எந்தச் சாம்பல் என்பாள். தண்ணீர் இறங்கிப்போன சேற்றின் சாம்பலா, இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும் சேற்றின் சாம்பலா, சிப்பி தோண்டும் பெண்கள் மிதித்துக் கலக்கிய சாம்பலா? மூன்றும் ஒன்றுதானே என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லித் தொலைத்தேன். அன்று முழுக்க வீட்டில் பேச்சு இல்லை, ரசத்தில் உப்பும் இல்லை.

எங்கள் கோம்சோ விரிகுடாவில் கடல் இறங்கினால் கண்ணுக்கு எட்டிய மட்டும் சேறுதான். இறங்கும் நேரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. இன்று ஏழுக்கு இறங்கினால் நாளை ஏழே முக்காலுக்கு மேலாகும். நான் ஓட்டிய பேருந்து அப்படித் தினம் தாமதமாக வந்திருந்தால் ஊர் கூடி உதைத்திருக்கும். ஓக்பூன் அந்தக் கணக்கில்தான் வாழ்ந்தாள். நீர் இறங்கும் நேரத்தில் முழங்கால் வரை ரப்பர் காலணியை மாட்டிக்கொண்டு, கையில் ஒரு கற்றைக் காகிதத் துண்டுகளுடன் கிளம்பிவிடுவாள். விரல் நீளத் துண்டுகள். ஒவ்வொன்றிலும் அவள் கலந்த ஒரு சாம்பல்.

கரையோரம் நின்று ஒரு துண்டை எடுத்துக் கையை நீட்டிச் சேற்றுக்கு நேரே பிடிப்பாள். ஒரு கண்ணை மூடிக்கொள்வாள். துண்டு தனியாகத் தெரிந்தால் அது தப்பு. பைக்குள் போட்டுவிட்டு அடுத்தது. துண்டு எங்கே முடிகிறது, சேறு எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் கரைந்துபோக வேண்டும். கையில் காகிதம் இருக்கும், ஆனால் இருக்காது. அதுதான் சரியான சாம்பல். அப்படி ஒன்று வாய்க்கும் நாளில் அவள் ஏதோ கனவுக்குள்ளேயே வீடு வரை நடந்து வருவாள். எதிரே வருபவர்களுக்கு வணக்கம் சொல்ல மாட்டாள். ஒருமுறை எங்கள் வீட்டைத் தாண்டிப் பக்கத்து வீட்டு வாசலில் காலணியைக் கழற்றினாள்.

சிப்பி தோண்டும் யங்ரே, ஓக்பூனைவிடப் பத்து வயது இளையவள், வாய் மட்டும் இருபது வயது மூத்தது. சேற்றுக்குள்ளிருந்தே கத்துவாள்.

"அக்கா! சேத்துக்குச் சட்டை தைக்க அளவு எடுக்கிறீங்களா?"

"ஆமாடி. உனக்கும் சேர்த்துத்தான். நீ நின்னா சேறு எது நீ எதுன்னு தெரியல."

"அத்தான், கேட்டீங்களா உங்க பொண்டாட்டிய! நாலு நாளா குளிக்கலைன்னு சொல்லிக் காட்டுறாங்க!"

நான் இதிலெல்லாம் தலையிடுவதில்லை. இரண்டு பெண்கள் பேசும் இடத்தில் வண்டியை நிறுத்தாமல் போவது நல்லது.

அவள் ஓவியப் பள்ளியில் படித்தவள் இல்லை. வீடு வீடாகப் போய்ச் சுவர்க்காகிதம் ஒட்டும் வேலை, இருபத்தாறு வருடம். பழைய காகிதத்தைக் கிழிப்பதற்கு முன் சாமான்களை நகர்த்துவார்கள் அல்லவா, அப்போது அலமாரி நின்ற இடத்தில் மட்டும் காகிதம் வெளுக்காமல் இருக்கும். மற்ற இடமெல்லாம் வெயிலிலும் புகையிலும் பழுத்திருக்க, நடுவே அலமாரி வடிவத்தில் பழைய நிறம். அதைப் பார்த்துக்கொண்டே பசை வாளியோடு நின்றுவிடுவாளாம். கூட வேலை செய்பவர்கள் திட்டுவார்கள். 'ஒரு பெரிய நிறம், அதுக்குள்ள ஒரு சின்ன நிறம், ரெண்டும் ஒண்ணையொண்ணு தள்ளிக்கிட்டு நிக்குது, அதைக் கிழிக்க எனக்கு மனசு வரலை' என்று என்னிடம் சொன்னாள். திருமணமான புதிது. பெண்ணுக்கு ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் மகன் ஹன்பில் வேலைக்காக இஞ்சோன் நகரத்துக்குப் போன பிறகு அவன் அறை அவளுடையதாயிற்று. கட்டில் போனது, மேசை போனது. அறை அகலத்துக்கு ஒரு சணல் துணியைத் தரையில் விரித்தாள். தூரிகை வேறு எதுவும் வாங்கவில்லை. பசை தடவிய அதே அகலத் தூரிகைதான். நிறத்தில் டர்பன்டைனும் ஆளி எண்ணெயும் ஊற்றித் தண்ணீர் மாதிரி ஆக்கி ஒரே இழுப்பாக இழுப்பாள். துணி குடிக்கும். ஒரு வாரம் காய விடுவாள். மறுபடி ஒன்று. அந்தச் சாம்பலில் கறுப்பு ஒரு துளி கிடையாது. செங்காவி, நீலம், பாசிப்பச்சை, பழுத்த சீமைப்பனிச்சம்பழத்தின் மஞ்சள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துக்கொண்டு, கடைசியில் எல்லாம் சேர்ந்து சாம்பலாகத் தூங்கும். எவ்வளவு எண்ணெய் என்று எந்தப் புத்தகத்திலும் எழுதி வைக்கவில்லை. புட்டியைச் சாய்ப்பாள், மணிக்கட்டு நிறுத்தச் சொல்லும் இடத்தில் நிறுத்துவாள். சமையலிலும் அப்படித்தான். சோயாச் சாற்றைக் கரண்டியில் அளந்து நான் பார்த்ததே இல்லை.

நிறம் பாதிதான் என்பாள். அது எங்கே நிற்க வேண்டும் என்பது மீதி. வேலை மிச்சத்தில் கிடைத்த சுவர்க்காகிதத் துண்டுகளைத் துணியின்மேல் வைத்து, ஒரு விரல் இந்தப் பக்கம், அரை விரல் அந்தப் பக்கம் என்று நகர்த்துவாள். பிறகு சுவரோரம் போய் உட்கார்ந்துவிடுவாள். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். வாற்கோதுமைத் தேநீர் கொண்டுபோய்க் கதவருகே வைப்பேன்.

"என்ன பண்ற?"

"இடது பக்கம் கனக்குமான்னு பாத்துக்கிட்டு இருக்கேன்."

"கனத்தா?"

"படம் சாஞ்சிரும், ஹன்பில் அப்பா. உங்க பஸ்ல எல்லாரும் ஒரே பக்கம் உக்காந்தா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. முப்பத்தொரு வருஷமா எல்லாரும் கடல் பக்கம்தான் உக்காந்தாங்க."

"அதான் நீங்க ஓவியரா ஆகலை" என்று தேநீரை எடுத்துக்கொண்டாள்.

அவளுக்கு அறுபத்திரண்டு வயதானபோது ஜொன்ஜு நகரத்தில் ஒரு சின்னக் காட்சிக்கூடத்தார் ஒன்பது படங்கள் கேட்டார்கள். வாழ்க்கையில் முதல் கண்காட்சி. எட்டு தயாராக இருந்தன. ஒன்பதாவதுதான் பெரியது. அதற்காக அவள் பதினோரு வருடமாகத் தேடிய சாம்பல் அந்த ஆண்டு பனிக்காலத் தொடக்கத்தில் சேற்றில் கரைந்தது. கீழே மூன்றில் இரண்டு பங்கு அந்தச் சாம்பல். மேலே வெளிறிய, பால் கலந்த ஒரு நீலம். இரண்டுக்கும் நடுவே எதுவும் பூசாத வெறும் சணல் துணி, இடக்கோடியில் மூன்று விரல் அகலத்தில் தொடங்கி வலக்கோடியில் ஒரு விரலாகக் குறுகும்.

"படம் எங்கேன்னு கேட்டா இந்த வெறுந்துணியைத்தான் காட்டுவேன்" என்றாள். "மத்ததெல்லாம் இது நிக்கிறதுக்காக."

எனக்கு அது வண்ணம் தீர்ந்துபோன இடம் மாதிரி இருந்தது. சொல்லவில்லை. ரசத்தில் உப்பு வேண்டும் அல்லவா.

எங்கள் வீடுகளில் சூடு தரைக்கு அடியிலிருந்து வரும். பாய்லரிலிருந்து வெந்நீர்க் குழாய் வளைந்து வளைந்து அறை முழுக்க ஓடும். சமையலறைத் தொட்டிக்குக் கீழே அறைக்கு ஒரு வால்வு. ஈரப் படம் தரையில் கிடக்கும் நாட்களில் அவள் அறை வால்வைத் திறக்கக் கூடாது, சூடு பட்டால் நிறம் இளகி ஓடிவிடும். கடைசிப் பூச்சு பூசிவிட்டு அந்தக் குளிர்ந்த தரையில் குந்தியபடி அவள் காவல் இருப்பாள். வெளியே பனி, உள்ளே இரண்டு சட்டை, அதன்மேல் என் பழைய பஞ்சு மேலங்கி. முழங்கால் இரண்டும் வீங்கிப்போயிருந்தன. எழுந்திருக்கும்போது கதவைப் பிடித்துக்கொள்வாள்.

கடைசிப் பூச்சு பூசிய மறுநாள் காட்சிக்கூடத்துப் பெண் கூப்பிட்டாள் என்று ஓக்பூன் ஜொன்ஜுவுக்குப் போனாள். பனி கொட்டிக்கொண்டிருந்தது. வரும்போது குளிரில் விறைத்து வருவாள், நேரே அந்த அறைக்குள்தான் போவாள், கொஞ்சம் கதகதப்பாக இருக்கட்டுமே என்று எனக்குத் தோன்றியது. பாசம்தான். வேறு என்ன? மதியம் பன்னிரண்டுக்கு வால்வைத் திறந்தேன். பேருந்து நிலையத்திலிருந்து அவள் தொலைபேசியில் கூப்பிட்டபோது மணி நாலே முக்கால். சட்டென்று பயம் வந்து மூடிவிட்டேன். அறைக்குள் எட்டிப் பார்க்கவில்லை. பனியில் பேருந்து ஊர்ந்து அவள் வீடு வந்து சேர்வதற்குள் தரையும் ஆறிவிட்டது. களைப்பில் அன்று அவளும் விளக்கைப் போட்டுப் பார்க்கவில்லை.

காலையில் அந்த அறையிலிருந்து சத்தமே வரவில்லை. நான் போய்ப் பார்த்தேன். சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். சாம்பல் மேலேறி நீலத்துக்குள் போயிருந்தது. நீலம் கீழிறங்கியிருந்தது. மூன்று விரலும் இல்லை, ஒரு விரலும் இல்லை. எண்ணெய் கசிந்து மஞ்சள் விளிம்பு கட்டி அலை அலையாக நின்றது. பதினோரு வருடச் சாம்பல் பாத்திரம் கழுவிய தண்ணீராகக் கிடந்தது.

அவள் படத்தைப் பார்க்கவில்லை. தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எண்ணெய் அதிகமா ஊத்திட்டேன்" என்றாள். "கை அளவு போயிடுச்சு, ஹன்பில் அப்பா."

அந்த நிமிடமே நான் சொல்லியிருக்க வேண்டும். வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? "வேற ஒண்ணு போட்டுக்கலாம்" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, சோறு சூடாக இருக்கிறதா என்று விசாரித்தேன்.

அன்றே காட்சிக்கூடத்துக்குத் தொலைபேசியில் பேசினாள். தன்னால் முடியாது, எட்டுப் படத்தையும் அனுப்பப்போவதில்லை, வயதாகிவிட்டது, மன்னிக்கவும். தூரிகைகளைக் கழுவி, துடைத்து, பெட்டியில் அடுக்கி, கயிறு போட்டுக் கட்டினாள். மறுநாள் கடல் எட்டரைக்கு இறங்கியது. எட்டே கால் ஆயிற்று, எட்டரை ஆயிற்று, அவள் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். யங்ரே வேலியோரம் வந்து, "அத்தான், அக்கா எங்க? சேறு உடுப்பு இல்லாம நிக்குது!" என்று கத்தினாள். ஓக்பூன் தலை நிமிரவில்லை. உடம்பு சரியில்லை என்று நான் சொல்லி அனுப்பினேன். படம்தானே, நாலு நாளில் ஆறிவிடும் என்று எனக்கு நானே தேறுதல் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மதியம் முள்ளங்கியும் மீனும் வேகவைத்துக்கொண்டிருந்தாள். சோயாச் சாற்றுப் புட்டியை எடுத்தாள். சாய்க்கப் போனவள் நிறுத்தினாள். இழுப்பறையைத் திறந்து ஒரு கரண்டியைத் தேடி எடுத்தாள். கரண்டியை வெளிச்சத்தில் பிடித்து, ஒட்டிக் குனிந்து, விளிம்பு வரை ஊற்றிச் சட்டியில் விட்டாள். இன்னொன்று. பிறகு இன்னும் அரைக் கரண்டி போடலாமா வேண்டாமா என்று தெரியாமல் அப்படியே நின்றாள்.

நாற்பது வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டு அவள் ஊற்றிய சாறு அது.

"வால்வை நான்தான் திறந்தேன்" என்றேன்.

"எந்த வால்வு?"

"உன் ரூம் வால்வு. நீ ஜொன்ஜு போன அன்னைக்கு. நீ வரும்போது கதகதப்பா இருக்கட்டும்னு."

அடுப்பை அணைத்தாள். "இன்னொரு தடவை சொல்லுங்க."

"வால்வை நான் திறந்தேன்."

"எத்தனை மணிக்கு?"

"பன்னெண்டுக்கு."

"எப்ப மூடினீங்க?"

"நாலே முக்காலுக்கு. நீ போன் பண்ணினதும்."

"பாய்லர் எவ்வளவுல இருந்தது?"

"முழுசா வச்சிருந்தேன்."

கரண்டியைக் கையில் பிடித்தபடியே அறைக்கு ஓடினாள். முழங்கால் வலியெல்லாம் எங்கே போயிற்றோ தெரியாது. நான் பின்னால் போனேன். தரையில் மண்டியிட்டு, நிறம் பொங்கி மேலேறிய இடங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டாள். ஒரு அலை, ஒரு சாண் இடைவெளி, ஒரு அலை, மறுபடி ஒரு சாண்.

"குழாய்!" என்றாள். "குழாய் போற இடத்துல மட்டும் ஓடியிருக்கு. பாருங்க, இங்க குழாய், இங்க குழாய். நடுவுல அவ்வளவா ஓடல. நான் இதைப் பாத்துட்டுக் கை நடுங்கியிருக்குன்னு நினைச்சேன். ஒரு சாணுக்கு ஒரு தடவை என் கை நடுங்கிச்சுன்னு நினைச்சேன்!"

சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்து அழுகையாயிற்று. "கை சரியாத்தான் இருக்கு. எண்ணெய் சரியாத்தான் ஊத்தியிருக்கேன்." கையைத் தன் கன்னத்தோடு வைத்துக்கொண்டாள், தொலைந்துபோன குழந்தை திரும்பி வந்தாற்போல. நானும் அழுதேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் என்னைப் பார்த்தாள்.

"வால்வைத் திறந்ததுக்கு எனக்குக் கோவம் இல்ல. என் முட்டிக்காகத் திறந்தீங்க. ஆனா மூணு நாள் நான் என் கையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். நீங்க எதிர்ல உக்காந்து சோறு சாப்பிட்டீங்க."

சாப்பிட்டேன்தான். இரண்டாம் முறை கேட்டு வாங்கியும் சாப்பிட்டேன்.

காட்சிக்கூடத்துக்கு மறுபடி பேசி ஒன்பது படமும் வரும் என்றாள், இந்த முறை கொஞ்சம் கத்திப் பேசினாள். பெட்டியின் கயிற்றை அவிழ்த்தாள். வேறு சணல் துணி விரித்தாள். பத்தொன்பது நாள். என்னிடம் "சாப்பாடு", "கதவு", "போங்க" என்ற மூன்று சொற்களுக்கு மேல் பேசவில்லை. வால்வுகள் எல்லாவற்றையும், சமையலறை உட்பட, நானே மூடி வைத்தேன். அவள் அந்தக் குளிரில் இருக்கும்போது நான் மட்டும் கதகதப்பில் படுப்பது நியாயமாகப் படவில்லை. வீடு முழுக்கப் பனிப்பெட்டி. கூடத்தில் குல்லாய் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கதவிடுக்கில் அவள் தூரிகை துணியில் இழுபடும் சத்தம் கேட்கும், நீர் வற்றும்போது சேறு மெல்ல மூச்சு விடுமே, அந்தச் சத்தம். கேட்டுக்கொண்டே கண் சொருகும். விழித்தால் ஜன்னலில் வெளிச்சம் நகர்ந்திருக்கும், சத்தம் நின்றிருக்கும். அவள் சுவரோரம் போய் உட்கார்ந்திருப்பாள், எது கனக்கிறது என்று பார்த்தபடி. முப்பத்தொரு வருடம் நேரத்தோடு ஓடியவன் நான். அந்தப் பத்தொன்பது நாளில் மணி என்ன என்று பார்க்கவே எனக்குத் தோன்றவில்லை.

படம் முடிந்தபோது அது பழைய படம் இல்லை. சாம்பல் வேறு. இன்னும் குளிர்ந்தது, ஈரமானது. வெறுந்துணி மூன்று விரலிலிருந்து ஒன்றாகக் குறுகவில்லை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே அகலம், நாலு விரல். ஏன் இப்படி என்று நான் கேட்கவில்லை. நான் வாய் திறக்காத அந்த நாட்கள்தான் என்று எனக்கு விளங்கிற்று.

கண்காட்சி திறந்த நாளன்று யங்ரேகூட உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு வந்திருந்தாள். ஒன்பதாவது படத்துக்கு முன்னால்தான் கூட்டம். கண்ணாடி போட்ட ஒரு அம்மா நெடுநேரம் நின்றுவிட்டு ஓக்பூனிடம் கேட்டார்: "தப்பா நினைக்காதீங்க. நடுவுல ஏன் இவ்வளவு இடத்தை விட்டிருக்கீங்க?"

ஓக்பூன் என் பக்கம் கையைக் காட்டினாள். "அவரைக் கேளுங்க."

எல்லோரும் திரும்பினார்கள். வாழ்க்கையில் ஒரு படத்தைப் பற்றியும் நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டேன். பொய் சொல்ல ஆயிரம் வழி இருந்தது. கடல் என்றிருக்கலாம், வானம் என்றிருக்கலாம், தலையை ஆட்டியிருப்பார்கள்.

"இதுக்கு முன்னாடி ஒரு படம் போட்டா" என்றேன். "அதுல இந்த இடம் ரொம்பச் சின்னது. நான் பாய்லர் வால்வைத் திறந்து அதை நாசம் பண்ணிட்டேன். பண்ணிட்டு மூணு நாள் சொல்லல. அவ கைதான் கெட்டுப்போச்சுன்னு அவளை நம்ப விட்டுட்டேன்."

அந்த அம்மாவுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அவர் போனதும் இன்னொருவர் வந்து அதையே கேட்டார். ஓக்பூன் மறுபடி கையைக் காட்டினாள். மறுபடி சொன்னேன். பிறகு அவள் காட்டாமலே சொல்லத் தொடங்கினேன். படத்தின் ஓரமாக நின்றுகொண்டு, யார் நின்றாலும் சொன்னேன். கல்லூரிப் பெண்கள், காட்சிக்கூடத்துப் பெண்ணின் மாமனார், பிரம்புத்தடி ஊன்றிய ஒரு கிழவர். ஒருமுறைகூட வால்வோடு நிறுத்திக்கொள்ளவில்லை, மூன்று நாளையும் சேர்த்தே சொன்னேன். பதினோராவது ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது தொண்டை கட்டிக்கொண்டது.

பின்னாலிருந்து யாரோ என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்கள்.

"போதும்" என்றாள் ஓக்பூன். "வாங்க, சாப்பிடலாம்."